மிலிஷியா கர்னலும் சட்டமன்ற உறுப்பினரும் ஒருவர்தானா? வில்லியம் பிரெஸ்காட் குறித்து

ஒரு கலைக்களஞ்சியத்தில் ‘வில்லியம் பிரெஸ்காட்: காலனிக் கால மிலிஷியா அதிகாரி, மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்’ என்ற வரியைப் படித்துவிட்டு, இது ஒரே ஆளைப் பற்றிய குறிப்பா, இரண்டு பேரைக் கலந்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ‘எதிரியின் கண்ணில் வெள்ளை தெரியும்வரை சுடாதீர்கள்’ என்று 1775-இல் பாஸ்டன் அருகே ஆங்கிலப் படையோடு நடந்த பங்கர் ஹில் போரில் சொன்னவர் இவர்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் உண்மையான ஐயம், இவர் படைக்காரரா அரசியல்வாதியா என்பதுதான் என எனக்குத் தோன்றுகிறது. கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றுத் தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். பாஸ்டன் ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து கையெழுத்துப் படிகளைப் பார்த்தவன் அல்லன். அச்சில் வந்துள்ள கடிதங்களையும் சட்ட வாசகங்களையும் வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்தக் குறிப்பில் தவறில்லை. 1726-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரெஸ்காட் குரோட்டன் என்னும் ஊரில் பிறந்தபோது மாசசூசெட்ஸ் பிரிட்டிஷ் அரசரின் காலனி. 1795 அக்டோபர் 13 அன்று பக்கத்து ஊரான பெப்பரெல்லில் அவர் இறந்தபோது அது தனக்கென அரசியலமைப்புச் சட்டம் கொண்ட ஒரு மாநிலம். இடையில் அவர் வீடு மாற்றிய தூரம் மிகக் குறைவு, மாறியது அரசுதான். ஆகவே ‘காலனிக் கால’ என்பதும் ‘மாநில’ என்பதும் ஒரே ஆயுளுக்குள் இயல்பாகவே அடங்கிவிடுகின்றன.

குழப்பம் வருவது ‘மிலிஷியா’ என்ற சொல்லால். ராணுவம் என்றவுடன் சம்பளம், பாசறை, சீருடை, ஓய்வூதியம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மிலிஷியா அப்படிப்பட்டதன்று. குறளுக்கு உரை சொல்ல வந்த பரிமேலழகர் படையை ஆறு வகையாக எண்ணும்போது மூலப்படை, கூலிப்படை என்பவற்றோடு ‘நாட்டுப்படை’ என்று ஒன்றைச் சொல்வார். மாசசூசெட்ஸும் அண்டைக் காலனிகளும் அடங்கிய நியூ இங்கிலாந்தின் மிலிஷியாவைப் புரிந்துகொள்ள அந்தச் சொல் ஓரளவு உதவும். ஊரில் வயது வந்த ஆண்கள் பொதுவாக அதில் பெயர் பதிந்தாக வேண்டும். துப்பாக்கியை அவரவரே வைத்திருக்க வேண்டும். ஆண்டில் சில நாள்கள் ஊர்ப் பொதுவெளியில் கூடி அணிவகுக்க வேண்டும். மற்ற நாள்களில் அவர்கள் உழவர்கள், கொல்லர்கள், செருப்புத் தைப்பவர்கள். அவர்களுக்குத் தலைவராக இருப்பவர் பெரும்பாலும் ஊரில் நிலமும் மதிப்பும் உள்ள குடும்பத்தவர். அதே ஊர்க்கூட்டம்தான் சட்டமன்றத்துக்கும் ஆள் அனுப்பியது. பிரெஸ்காட்டின் தந்தை பெஞ்சமின் பிரெஸ்காட்டும் குரோட்டன் ஊரின் சார்பில் காலனிச் சட்டமன்றத்தில் இருந்தவரே. எனவே படைத்தலைமையும் சட்டமன்ற இருக்கையும் இரண்டு தொழில்கள் அல்ல. ஊர் ஒருவர்மீது வைத்த நம்பிக்கை இரண்டு வேலைகளாக வெளிப்பட்டது என்பதே பொருத்தம். என் பதில் முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான் வரும்.

இளமையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது சுருக்கமானது. 1755-இல், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா எல்லையில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த பூசெஷூர் கோட்டையைப் பிடிக்கச் சென்ற நியூ இங்கிலாந்துப் படையில் அவர் இளநிலை அதிகாரியாக இருந்தார். அந்தக் கோட்டை வீழ்ந்த சில மாதங்களில், அகேடியர் எனப்படும் பிரெஞ்சு மொழி பேசும் குடிமக்களை அவர்களுடைய மண்ணிலிருந்து கப்பலேற்றி வெளியேற்றும் பணிக்கும் நியூ இங்கிலாந்து வீரர்கள் பயன்படுத்தப்பட்டார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அவருடைய திறமையைக் கண்டு அரசரின் நிரந்தரப் படையிலேயே பதவி கொடுக்க முன்வந்தார்கள், அவர் மறுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார் என்றொரு செய்தி பல வாழ்க்கைக் குறிப்புகளில் வருகிறது. அது குடும்ப வழிச் செய்தி என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளத் தக்கது. திரும்பியவர் 1758-இல் அபிகெய்ல் ஹேல் என்பவரை மணந்து, பெப்பரெல்லில் பண்ணை வைத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழவராகவே வாழ்ந்தார்.

அவரை மீண்டும் வெளியே இழுத்தது 1774. பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக லண்டன் நாடாளுமன்றம் அந்தத் துறைமுகத்தை மூடியது. அத்துடன் நில்லாமல், மாசசூசெட்ஸ் ஊர்க்கூட்டங்கள் ஆளுநரின் அனுமதியின்றி நினைத்தபோதெல்லாம் கூடக் கூடாது என்றும், ஆளுநரின் ஆலோசனை அவைக்கு உறுப்பினர்களை அரசரே நியமிப்பார் என்றும் சட்டம் செய்தது. துறைமுக மூடலால் பாதிக்கப்பட்டது பாஸ்டன் நகரம். ஊர்க்கூட்டத் தடையால் பாதிக்கப்பட்டது ஒவ்வொரு சிற்றூரும். உழவர்களைக் கொதிக்க வைத்தது இந்த இரண்டாவது சட்டமே என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. அரசர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை மிலிஷியா அதிகாரிகள் துறக்க வேண்டும், வீரர்களே தங்கள் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாவட்ட மாநாடுகள் தீர்மானம் போட்டன. பிரெஸ்காட் கர்னலாக எழுந்தது இந்த அலையில்தான். அவருடைய குடும்பமே இதில் இரண்டாகப் பிளந்தது. அவருடைய சகோதரியை மணந்த அபைஜா வில்லார்ட், அரசர் நியமித்த ஆலோசனை அவை உறுப்பினர்களுள் ஒருவர்.

1775 ஏப்ரல் 19 அன்று கான்கார்ட் ஊரில் புரட்சிப் போரைத் தொடங்கிவைத்த சண்டை நடந்த செய்தி கேட்டுத் தம் ஆள்களுடன் அவர் புறப்பட்டுச் சென்றபோது ஆங்கிலப் படை அங்கிருந்து திரும்பிவிட்டிருந்தது. அவருக்கு உரிய நாள் ஜூன் மாதத்தில் வந்தது. ஜூன் 16 மாலை கேம்பிரிட்ஜ் வெளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினார்கள். ஹார்வர்ட் கல்லூரித் தலைவர் சாமுவேல் லாங்டன் இறைவேண்டல் செய்தார். இருட்டியபின் மண்வெட்டிகளோடும் கடப்பாரைகளோடும் சார்ல்ஸ்டவுன் தீபகற்பத்துக்கு அவர்களை நடத்திச் சென்றவர் பிரெஸ்காட். பொறியாளர் ரிச்சர்ட் கிரிட்லி கோடு போட்டுக் கொடுக்க, நள்ளிரவு அளவில் வெட்டத் தொடங்கி, விடிவதற்குள் ஆள் மறையும் உயரத்துக்கு மண்ணரண் எழுந்துவிட்டது. எதிரே ஆற்றில் நின்ற லைவ்லி என்னும் போர்க்கப்பலின் காவலாளி விடியற்காலையில் அதைக் கண்டு திகைத்தபின் பீரங்கி முழங்கியது.

அந்தக் காலை நேரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அரணுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் பீரங்கிச் சத்தத்தை இதுவரை எதிர்கொள்ளாத உழவர்கள். இரவு முழுக்கத் தூங்கவில்லை. உணவும் தண்ணீரும் போதவில்லை. ஏசா போலார்ட் என்ற வீரரைக் குண்டு தாக்கிக் கொன்றது. என்ன செய்வது என்று கேட்டவர்களிடம், உடனே புதைத்துவிடுங்கள், சடங்குக்கு நேரமில்லை என்றார் கர்னல். ஆள்கள் மிரண்டதைப் பார்த்து, மண்சுவரின் மேல் ஏறி, குண்டுகளுக்கு நடுவே மெல்ல நடந்தபடி வேலையை மேற்பார்வை பார்த்தார் என்று பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். சம்பளத்துக்கும் தண்டனைக்கும் கட்டுப்படும் நிரந்தரப் படையில் ஓர் அதிகாரி இப்படி நடந்துகாட்ட வேண்டிய தேவை குறைவு. இங்கே இருப்பவர்கள் அண்டை வீட்டார். நினைத்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடியவர்கள். அவர்களை நிறுத்தி வைக்க அவரிடம் இருந்தது அவருடைய உடம்பு ஒன்றுதான்.

அன்று வெயில் கடுமை. தடித்த மேலங்கியைக் கழற்றிவிட்டு அவர் போட்டுக்கொண்டது தொளதொளப்பான ஒரு மெல்லிய துணி அங்கி. அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘பனியன்’. வியப்பாக இருக்கலாம், நம் பனியனும் அதுவும் ஒரே சொல்தான். குஜராத்தி வணிகரைக் குறித்த சொல் போர்த்துகீசியர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் போய், இந்திய வணிகர் உடையை ஒத்த தளர்ந்த அங்கிக்குப் பெயராகி, பின்னர் வேறொரு பொருளில் நம்மிடம் உள்ளாடையாக வந்து சேர்ந்தது. கைகலப்பில் கத்திமுனைகள் அந்த அங்கியைப் பல இடங்களில் துளைத்திருந்தன என்பார்கள். பின்னாளில் வைத்த சிலையிலும் அவர் அந்த அங்கியோடும் அகன்ற விளிம்புத் தொப்பியோடும்தான் நிற்கிறார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கண்ணில் வெள்ளை தெரியும்வரை சுடாதீர்கள் என்ற கட்டளையைப் பிரெஸ்காட் சொன்னார் என்போரும் உண்டு, அன்று களத்தில் இருந்த மற்ற அமெரிக்கத் தலைவர்களான இஸ்ரேல் புட்னம் சொன்னார் என்போரும் உண்டு, ஜான் ஸ்டார்க் பெயரைச் சொல்வோரும் உண்டு. போர் நடந்த நாள்களில் எழுதப்பட்டு நம் கைக்கு வந்துள்ள கடிதங்கள் எதையும் இதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. தவிர, இதே பொருளில் ஒரு கட்டளை அதற்கு முன்பே பிரஷ்யப் படைகளைப் பற்றிய கதைகளில் இருக்கிறது. படைகளுக்குள் புழங்கிய பழமொழி போன்ற ஒன்றை யாரேனும் அன்றும் சொல்லியிருக்கலாம் என்பதற்கு மேல் போக முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தைவிடப் பயனுள்ள ஒன்று நம்மிடம் இருக்கிறது. 1775 ஆகஸ்ட் 25 அன்று ஜான் ஆடம்சுக்குப் பிரெஸ்காட் தம் கையால் எழுதிய கடிதம் அது. வெடிமருந்து ஏறக்குறைய தீர்ந்துவிட்டதைக் கண்டு சுடுவதை நிறுத்தச் சொன்னதாகவும், எதிரி முப்பது கெஜ தூரத்துக்கு வந்தபின் சுட்டு அவர்களை ஏறத்தாழ நூற்றைம்பது கெஜம் பின்வாங்கச் செய்ததாகவும் அதில் எழுதுகிறார். முப்பது கெஜம் என்பது தொண்ணூறு அடி. கண்ணின் வெள்ளை அந்தத் தூரத்தில் தெரியுமோ தெரியாதோ, கட்டளையின் உட்பொருள் அவருடையது என்பதற்கு இது போதும். வீரத்துக்காகப் பொறுத்திருக்கவில்லை, மருந்து இல்லாததால் பொறுத்திருந்தார்.

அதே கடிதம் இன்னொரு பழைய வழக்கிலும் சாட்சி. அரண் கட்ட வேண்டிய இடம் உயரமான பங்கர் ஹில், ஆனால் கட்டியது பாஸ்டனுக்கு நெருக்கமான பிரீட்ஸ் ஹில்; இந்த மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. மாசசூசெட்ஸ் புரட்சியாளர்களின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, பங்கர் ஹில் என்று ஆணையிட்டதாகவும் ஏதோ தவறால் இடம் மாறியதாகவும் சொல்கிறது. பிரெஸ்காட்டோ பிரீட்ஸ் ஹில்லுக்குப் போகும்படி தமக்கு ஆணை வந்ததாக எழுதுகிறார். இரண்டு மாதம் கழித்து, விமர்சனங்கள் கிளம்பிய பிறகு எழுதியது என்பதால் அதை முழுத் தீர்ப்பாக நான் கொள்வதில்லை. ஆனால் களத்தில் நின்றவரின் வாக்குமூலத்தை ஒதுக்கவும் மனம் வரவில்லை.

பிற்பகலில் தளபதி வில்லியம் ஹோ தலைமையில் ஆங்கிலப் படை மூன்று முறை மேலேறி வந்தது; மூன்றாம் முறை அரணுக்குள் மருந்து இல்லை, துப்பாக்கியில் பொருத்தும் ஈட்டிமுனை மிகச் சிலரிடமே இருந்தது, அரண் விழுந்தது. முடிவில் அரணுக்குள் தம்மோடு ஏறத்தாழ நூற்றைம்பது பேரே எஞ்சியிருந்ததாக அவர் எழுதுகிறார். தன்னார்வலராக வந்து நின்ற டாக்டர் ஜோசப் வாரன் அங்கேயே மாண்டார். அமெரிக்கர் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் பிடிபட்டோரும் சேர்ந்து சுமார் 450. வெற்றி பெற்ற ஆங்கிலேயர் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் 1,054. இந்தக் கணக்கைப் படித்த பின் லண்டனில் யாரும் அதை எளிய வெற்றி என்று பேசவில்லை. ஒரு சிறு விலகல்: பிரெஸ்காட்டின் அரணை நோக்கி வந்த ஆங்கிலப் பிரிவை நடத்தியவர் ராபர்ட் பிகட். அவருடைய அண்ணன் ஜார்ஜ் பிகட் அதே 1775-இன் இறுதியில் இரண்டாம் முறையாகச் சென்னைக்கு ஆளுநராக வந்து, தஞ்சை விவகாரத்தில் தம் ஆலோசனை அவையோடு மோதி, அவர்களாலேயே சிறைபிடிக்கப்பட்டு 1777-இல் காவலில் இறந்தவர். சென்னை வரலாறு படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர் என்பதால் சொன்னேன்.

போருக்குப் பின் பிரெஸ்காட் 1776-இல் காலனிகளின் கூட்டுப் படையான கான்டினென்டல் படையின் ஏழாவது பிரிவுக்குக் கர்னலாக நியூயார்க் பக்கம் பணியாற்றி, பின்னர் பண்ணைக்குத் திரும்பினார். 1777-இல் சரட்டோகாவில் ஆங்கிலத் தளபதி பர்காயின் சரணடைந்தபோது தன்னார்வலராக அங்கிருந்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. ஆனால் இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1775 டிசம்பரில் அவர் போட்ட ஒரு கையெழுத்து. சேலம் பூவர் என்ற கறுப்பின வீரர் சார்ல்ஸ்டவுன் போரில் (அதாவது பங்கர் ஹில் போரில்) ஓர் அனுபவமிக்க அதிகாரியைப்போல் நடந்துகொண்டார், அவருக்கு உரிய மதிப்பைச் சட்டமன்றம் வழங்க வேண்டும் என்று பதினான்கு அதிகாரிகள் மனு கொடுத்தார்கள். அவர்களுள் பிரெஸ்காட்டும் ஒருவர். களத்தில் கண்டதைச் சட்டமன்றத்தின் மேசைக்குக் கொண்டுபோன மனு அது.

அந்தச் சட்டமன்றத்தில் பிரெஸ்காட்டும் பின்னர்ச் சில ஆண்டுகள் பெப்பரெல் ஊரின் பிரதிநிதியாக அமர்ந்தார். உணர்ச்சி மிக்க உரைகளையோ பெரிய சட்ட முன்வரைவுகளையோ அவர் பெயரில் தேடினால் ஏமாற்றம்தான். சிற்றூர்ப் பிரதிநிதிகளின் வேலை சாலை, வரி, போர்க்கடன், வீரர் கூலி பற்றியது. அதில் பெயர் நிற்காது. கவனிக்க வேண்டியது அமைப்பைத்தான். 1780-ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பின்படி பிரதிநிதியை ஊர் ஆண்டுதோறும் மே மாதம் தேர்ந்தெடுக்க வேண்டும். நூறு பவுண்டு மதிப்புள்ள நிலமோ இருநூறு பவுண்டு மதிப்புள்ள வரிவிதிக்கத்தக்க சொத்தோ அவருக்கு இருக்க வேண்டும். அதே சட்டம், மிலிஷியா கேப்டன்களை வீரர்களே எழுத்து வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும், கர்னல் போன்றோரைக் கேப்டன்களும் அவர்களுக்குக் கீழுள்ள அதிகாரிகளும் தேர்ந்தெடுக்க வேண்டும், மேஜர் ஜெனரல்களைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. படைத்தலைவரும் வாக்கு வாங்கியவர், பிரதிநிதியும் வாக்கு வாங்கியவர். படைக்காரரா அரசியல்வாதியா என்ற கேள்வி அந்த ஊர்க்காரர்களுக்கே விளங்கியிருக்காது.

இந்த அமைப்பு அவரை ஒருமுறை கடுமையாகச் சோதித்தது. போர் முடிந்தபின் மாநிலம் தன் கடனை அடைக்க வரியை உயர்த்தியது. அதையும் நாணயமாகவே செலுத்தச் சொன்னது. நாணயம் கையில் இல்லாத உழவர்களின் மாடும் நிலமும் நீதிமன்ற ஆணையால் பறிபோயின. 1786-இல் அவர்கள் ஆயுதத்தோடு நீதிமன்றங்களை மூடத் தொடங்கினார்கள். தலைவர்களுள் ஒருவரான டேனியல் ஷேய்ஸ் பெயரால் இதைத்தான் ஷேய்ஸ் கிளர்ச்சி என்கிறோம். செப்டம்பர் 12 அன்று கான்கார்ட் நீதிமன்றத்தை மூடிய கூட்டத்துக்குத் தலைவர் ஜாப் ஷட்டக். பிரெஸ்காட் பிறந்த குரோட்டன் ஊர்க்காரர், அவரும் புரட்சிப் போரில் பணியாற்றிய கேப்டன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1774-இல், அரசரின் நீதிமன்றங்களை மூடியவர்கள் இதே மாசசூசெட்ஸ் மிலிஷியாக்காரர்கள் என்பதை மறக்கக் கூடாது. இந்த முறை பிரெஸ்காட் நீதிமன்றத்தின் பக்கம் நின்றார். அறுபது வயதில் வாளை இடையில் கட்டிக்கொண்டு கான்கார்டுக்குப் போனார் என்பது உள்ளூர் வழக்கு. நவம்பர் 30 அன்று ஷட்டக் வாள்வெட்டுக் காயத்தோடு பிடிபட்டார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டார். வாக்களிக்க உரிமையுள்ள சட்டமன்றம் வந்துவிட்ட பின் துப்பாக்கி தேவையில்லை என்பது பிரெஸ்காட் பக்கத்து நியாயம். சொத்து உள்ளவருக்கே அந்தச் சட்டமன்றக் கதவு திறக்கிறது என்பது எதிர்ப்பக்கத்து நியாயம். மாணவர்கள் என்னிடம் தீர்ப்புக் கேட்டபோதெல்லாம், நல்ல பண்ணை கையில் இருந்த ஒருவருக்கு முதல் நியாயம் எளிதாகத் தெரிந்திருக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, ஆள் குழப்பம் பற்றிய உங்கள் ஐயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. கர்னலின் ஒரே மகன் பெயரும் வில்லியம் பிரெஸ்காட். அவர் வழக்கறிஞர், நீதிபதி, அவரும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் இருந்தவர், 1814-இல் ஹார்ட்ஃபோர்டில் கூடிய நியூ இங்கிலாந்து மாநிலங்களின் மாநாட்டுக்குச் சென்றவர். பேரன் வில்லியம் ஹிக்லிங் பிரெஸ்காட், மெக்சிகோவையும் பெருவையும் ஸ்பானியர் வென்ற வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர். இந்தப் பேரன் மணந்த பெண்ணின் பாட்டனார் ஜான் லின்சி, பங்கர் ஹில் நாளன்று கர்னலின் அரண் இருந்த கரையை நோக்கிச் சுட்ட ஃபால்கன் என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவர். இரு பாட்டனார்களின் வாள்களையும் குறுக்காக வைத்துத் தம் நூலக அறையில் பேரன் மாட்டியிருந்தார்; இன்று அவை மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. அரிசோனாவில் உள்ள பிரெஸ்காட் நகரம் பேரன் பெயரில் அமைந்தது. கர்னல் பெயரில் மாசசூசெட்ஸில் இருந்த பிரெஸ்காட் என்ற சிற்றூரை 1938-இல் குவாபின் நீர்த்தேக்கத்துக்காகக் கலைத்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் பார்த்த குறிப்பில் இறந்த ஆண்டு 1795 என்றிருந்தால் அவர் கர்னல். 1844 என்றிருந்தால் மகன். 1859 என்றிருந்தால் பேரன்.